'ஃபெரல்' என்று எழுதும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுமலைப் புலியை ஆங்கிலத்தில் 'ஃபெரல்' என்று எழுதினால் அது பிழை. காட்டில் திரிவதெல்லாம் ஃபெரல் ஆகிவிடாது. மனிதன் பழக்கி வளர்த்த இனம் அவன் கையை விட்டுப் போய், தானே இரை தேடிக் குட்டி போட்டுப் பெருகும்போதுதான் அந்தப் பெயர் பொருந்தும். புலிக்கு 'வைல்ட்' என்பதே சரி.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. காட்டுப்பன்றி, காட்டுக்குதிரை என்று இரண்டுக்கும் நாம் ஒரே அடைமொழியைத்தான் தருகிறோம். ஆனால் இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நெடுந்தீவின் குதிரைகளைப் பாருங்கள். போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்தில் அத்தீவில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை அவை. இன்று கடிவாளமோ இலாயமோ இல்லாமல், பனைகளுக்கும் பவளக்கல் வேலிகளுக்கும் இடையே மேய்கின்றன. கோடை வறட்சியில் தண்ணீர் இல்லாமல் வாடுகின்றன. கோடியக்கரைக் குதிரைகளும் இந்த வகைதான். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் 19ஆம் நூற்றாண்டு முதல் சுமை இழுத்துவந்த ஒட்டகங்கள், மோட்டார் வண்டி வந்ததும் அவிழ்த்துவிடப்பட்டன. அவற்றின் சந்ததியும் ஃபெரல்தான். ஆகவே பாட்டன் பூட்டன் மனிதனோடு வாழ்ந்தனவா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த பிழை, 'ஃபெரோஷியஸ்' என்ற சொல்லோடு குழப்பிக்கொள்வது. லத்தீனில் இரண்டும் உறவுக்காரச் சொற்கள் என்றாலும், மூர்க்கத்தைச் சொல்வது பின்னதுதான். ஃபெரல் பூனை பெரும்பாலும் பாய்ந்து கடிக்க வருவதில்லை. ஆளைக் கண்டதும் ஓடி ஒளிகிறது.

டீக்கடை வாசலில் பிஸ்கட்டுக்கு வாலாட்டும் நாயையும் ஃபெரல் என்கிறார்கள். அது 'ஸ்ட்ரே'. வீடு இல்லாவிட்டாலும் அதற்கு மனிதரோடு பழக்கம் இருக்கிறது.

மனிதர்மீது இந்தச் சொல்லை எறிவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2011இல் இங்கிலாந்தில் கலவரம் நடந்த பிறகு, அப்போதைய நீதித்துறை அமைச்சர் கென்னத் கிளார்க், கலவரக்காரர்களில் முக்கியமானவர்களை ஃபெரல் அடித்தட்டு என்று எழுதினார். குற்றத்தைக் கண்டிக்க ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் உண்டு. இது ஆளை விலங்காக்கிவிடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது கட்டாயம் தவிருங்கள்.

உற்சாகத்தில் கட்டுமீறுவதை 'கோயிங் ஃபெரல்' என்று இளைஞர்கள் சொல்வது நட்பு வட்டத்துக்குள் சரி. வேலைக்கான விண்ணப்பத்திலோ தேர்வுத்தாளிலோ வேண்டாம். உச்சரிப்பில் ஃபெரல், ஃபியரல் இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன.