தூக்கம் வரவில்லையா? படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள்

பத்து மணிக்குப் படுத்து, பன்னிரண்டு வரை புரண்டு, மூன்றரைக்கு விழித்து, பால் பாக்கெட் போடும் சத்தம் கேட்கும்வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடப்பவருக்கு வீட்டில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் சீக்கிரமா போய்ப் படு." இதைக் கேட்டால் தூக்கம் இன்னும் கெடும்.

தூக்கமும் பசி மாதிரிதான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கப் பசி ஏறும். ஒன்பது மணிக்கே படுப்பவர் பசிக்குமுன் இலையில் உட்கார்ந்தவர். அதோடு, விழித்தபடி படுக்கையில் கிடந்து கிடந்து, பாயைப் பார்த்தாலே விழித்துக்கொள்ள மூளை பழகிவிடுகிறது. இந்தப் பழக்கத்தை உடைக்கும் விதிகளை ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் வகுத்தார். படுக்கை நேரத்தைக் குறைக்கும் முறையை ஆர்தர் ஸ்பீல்மன் குழு 1987-இல் வெளியிட்டது. இரண்டும் இன்று தூக்கமின்மைக்கான சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மருந்தில்லாச் சிகிச்சையின் உயிர்நாடி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதையே தர வேண்டும் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு பரிந்துரைத்தது.

வாரத்தில் 3 இரவாவது, 3 மாதமாகத் தூக்கம் கெட்டிருப்பவர்களுக்கானது இது. வலிப்பு, பைபோலார் நோய் உள்ளவர்கள், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுபவர்கள், கர்ப்பிணிகள், பஸ், லாரி, ஆட்டோ ஓட்டுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுபவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. தூக்க மாத்திரை போடுபவர்கள் அதைத் தாங்களாகத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும்.

<b>முதல் 14 நாள்: எழுதுவது மட்டும்</b>

ஒரு நோட்டு போதும். தினமும் காலையில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: படுத்த நேரம், தூக்கம் வர ஆன நிமிடங்கள், நடுவில் விழித்திருந்த நிமிடங்கள், கடைசியாக விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம். எல்லாம் உத்தேசக் கணக்கே. துல்லியமாக எழுத வேண்டும் என்று ராத்திரி கடிகாரம் பார்க்க ஆரம்பித்தால் இருக்கிற தூக்கமும் போகும். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் கணக்கை நம்ப வேண்டாம். அசையாமல் விழித்துக் கிடப்பதையும் அது பல நேரம் தூக்கம் என்றே எழுதிக்கொள்ளும்.

14 நாள் முடிந்ததும் சராசரி எடுங்கள். படுக்கையில் கிடந்தது 9 மணி நேரம் (540 நிமிடம்), தூங்கியது ஐந்தரை மணி நேரம் (330 நிமிடம்) என்று வைத்துக்கொள்வோம். 330-ஐ 540-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 61 சதவீதம். இதுதான் தூக்கத் திறன். 85-ஐத் தாண்டுவது இலக்கு.

<b>அடுத்து: நேரத்தை இறுக்குவது</b>

முதலில் எழும் நேரத்தை முடிவு செய்யுங்கள். மோட்டார் போட, பிள்ளைகளைக் கிளப்ப 5.30-க்கு எழ வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமையும் 5.30தான். அதிலிருந்து நீங்கள் உண்மையில் தூங்கும் ஐந்தரை மணி நேரத்தைப் பின்னோக்கி எண்ணினால் 12 மணி. அதற்கு முன் படுக்கக் கூடாது. சராசரி எவ்வளவு குறைவாக வந்தாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே இறக்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை கணக்குப் பாருங்கள். திறன் 85-க்கு மேல் போனால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள்: 11.45. 80 முதல் 85 வரை என்றால் அப்படியே விடுங்கள். 80-க்குக் கீழே என்றால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள்.

12 மணி ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் படுக்காதீர்கள். அசதி வேறு, தூக்கம் வேறு. உடம்பு வலித்து ஓய்ந்து போவது அசதி. கண் சொக்கி, படித்த வரியையே திரும்பப் படிப்பது தூக்கம். சொக்கினால்தான் பாயை விரிக்க வேண்டும். படுத்து ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள்.

எழுந்து எங்கே போவது? வெளிநாட்டுக் கையேடுகள் "வேறு அறைக்குப் போ" என்கின்றன. ட்ரிப்ளிகேன் ஒண்டுக்குடித்தனத்தில் வேறு அறை ஏது? இங்கே பாயில் படுப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டால் படுக்கையே இல்லாமல் போகிறது. கட்டில்காரர்கள் சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு, ஜீரோ வாட்ஸ் பல்பில் உட்காரலாம். கீரை ஆயலாம், துணி மடிக்கலாம், பழைய வார இதழ் புரட்டலாம். செல்போன் மட்டும் வேண்டாம். சொக்கும்போது திரும்பப் போங்கள். ஒரே இரவில் நாலு முறை எழ நேர்ந்தாலும் எழத்தான் வேண்டும்.

<b>எங்கே சறுக்கும்</b>

பெரும்பாலும் சீரியல் நேரத்தில்தான். ஒன்பது மணிக்கு சோபாவில் இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் பகலெல்லாம் சேர்த்த தூக்கப் பசி அங்கேயே கொஞ்சம் தணிந்துவிடும். 12 மணி வரை முதுகு சாயாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். அந்த நேரத்தில் அடுத்த நாள் காய் நறுக்கி வைப்பது பலருக்குக் கைகொடுக்கிறது. மத்தியானத் தூக்கத்துக்கும் இதே கதிதான்.

அடுத்தது காபி. உடம்பில் சேர்ந்த கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணி டிகாஷனில் பாதி இரவு பத்துக்கும் ரத்தத்தில் இருக்கும். மதியம் இரண்டோடு நிறுத்துங்கள், டீயும் சேர்த்துத்தான். மது சீக்கிரம் தூங்க வைக்கும். பின்னிரவில் எழுப்பியும் விடும்.

மே மாதப் புழுக்கத்தில் கரண்ட் போய், கொசு கடித்து விழித்த இரவைத் திறன் கணக்கில் சேர்க்காதீர்கள். அது உங்கள் தூக்கத்தின் குற்றமில்லை.

முதல் வாரம் நிச்சயம் படுத்தும். பகலில் தலை கனக்கும், எரிச்சல் வரும். முறை தோற்றுவிட்டது என்று நாலாம் நாளே கைவிடுபவர்கள் அதிகம். உண்மையில் அந்தக் கிறக்கம்தான் மருந்து. பசி ஏறுவதன் அறிகுறி அது. ஆனால் அந்த நாட்களில் டூ வீலரை வீட்டில் விட்டு மெட்ரோவிலோ பஸ்ஸிலோ போங்கள். வண்டி ஓட்டியே ஆக வேண்டும், கண் இழுக்கிறது என்றால் விதியை மீறி 20 நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டாலோ, மனச்சோர்வு கூடினாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் என்ற பெயரைக் கேலிக்கு எடுக்கும் ஊர் இது. 1794-இல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குத் தூக்கத்துக்காகப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழில் பேசி ஆலோசனை கேட்க, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416.

பகலில் கண் சொக்காமல் வேலை ஓடினால் நேரத்தைக் கூட்டுவதை நிறுத்திவிடலாம், அது ஆறரை மணி நேரமாக இருந்தாலும் சரி. கல்யாண வேலையிலோ ஆஸ்பத்திரி அலைச்சலிலோ மறுபடி கெட்டால், அதே நோட்டில் ஒரு வாரம் எழுதி, அந்தச் சராசரியிலிருந்து மீண்டும் இறுக்குங்கள்.