பழைய பிக்கப் வண்டியில் தீராத பிரேக் கோளாறு: காரணத்தைக் கண்டறியும் முறை

பிரேக் ஆயிலையும் ஷூக்களையும் (டிரம் எனும் சுழலும் உருளையின் உட்புறத்தில் அழுந்திச் சக்கரத்தை நிறுத்தும் பட்டைகள்) மாற்றி, மிதிக்கும்போது ஆயிலுக்கு அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டரையே புதிதாகப் பொருத்திய பிறகும் பெடல் தாழ்ந்துதான் போகிறது என்றால், உண்மையான காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை என்று பொருள். ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவதை நிறுத்திவிட்டு, பெடலைக் கவனிக்கத் தொடங்க வேண்டும். கோளாறு தீரும்வரை வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள். சக்கரங்களைக் கழற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஷூக்களின் தூசியில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது.

பெடலை மிதித்து அப்படியே அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், ஆயில் எங்கோ வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷரைத் தாண்டி நழுவுகிறது. பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே ஏறினால், குழாய்களில் காற்று இருக்கிறது. தாழ்வாக இறங்கினாலும் அங்கே உறுதியாக நின்றால், பின்சக்கர ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி அதிகமாகிவிட்டது எனலாம். மேடுபள்ளத்தில் ஓட்டிய பிறகு மட்டும் முதல் மிதி தாழ்ந்து, அடுத்த மிதி சரியாக இருக்குமானால், வீல் பேரிங்கின் ஆட்டத்தையும் டிஸ்க்கின் நெளிவையும் பாருங்கள்.

பழைய பிக்கப்களில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இந்த ஷூ இடைவெளிதான். தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய அட்ஜஸ்டர் துருவேறி இறுகிவிட்டால், ஷூ தேயத் தேயப் பெடலும் தாழ்ந்துகொண்டே போகும். ஹேண்ட் பிரேக் பின்சக்கர ஷூக்களையே இயக்கும் வண்டியென்றால், அதைச் சில பல் இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் உயர்ந்து நின்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது. முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு, ஷூ டிரம்மில் லேசாக உரசும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, பிறகு சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குப் பின்வாங்க வேண்டும். பல வண்டிகளில் இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும் என்பதால், அவற்றை இடம் மாற்றிப் பொருத்திவிடக் கூடாது.

எத்தனை முறை குழாய்களிலிருந்து காற்று எடுத்தாலும் பெடல் பஞ்சுபோலவே இருந்தால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களில் காற்றை வெளியேற்றும் திருகான பிளீடர் நிப்பிள் மேற்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடதும் வலதும் மாறியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும். மேலே தேங்கிய காற்று ஒருபோதும் வெளியேறாது. பின் அச்சில் சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டியை, சக்கரங்கள் தொங்கும்படி தூக்கி வைத்துக் காற்று எடுப்பதும் பயன் தராது. சுமை இல்லை என்று கருதி அந்த வால்வு பின்சக்கரங்களுக்கான ஓட்டத்தைக் குறைத்துவிடும். பெடலைத் தரைவரை மிதிப்பதும் ஆபத்து. சிலிண்டரில் இதுவரை பயன்படாத துருப்பிடித்த பகுதியில் வாஷர் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டால் போதும்.

இன்னும் பிடிபடவில்லையா? முனை மழுங்கிய ஹோஸ் கிளாம்ப்பால் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அடைத்து மிதியுங்கள். எதை அடைக்கும்போது பெடல் உறுதியாகிறதோ, கோளாறு அந்த ஹோஸுக்கு அப்பால் இருக்கிறது. எல்லாவற்றையும் அடைத்தும் மாற்றம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர், உலோகக் குழாய்கள் பக்கம் திரும்புங்கள்.

பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும் சக்கரத்தில் பிளீடர் நிப்பிளைத் திறந்து பாருங்கள். திறந்தும் சக்கரம் விடுபடாவிட்டால் பிஸ்டனோ காலிப்பர் பின்னோ இறுகியிருக்கிறது. திறந்ததும் விடுபட்டால் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று பொருள். அடுத்த முறை பிடிக்கும்போது நிப்பிளுக்குப் பதிலாக, ஹோஸுக்கு மேலுள்ள உலோகக் குழாய் இணைப்பைத் தளர்த்துங்கள். அப்போதும் விடுபடாவிட்டால் ஹோஸின் உட்புறம் உப்பி அடைத்திருக்கிறது. வெளியே பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். அங்கே விடுபட்டால் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் தண்டான புஷ்ராடுக்குத் தேவையான சிறு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

மிதி கனமாக இருந்தால் என்ஜினை நிறுத்திப் பலமுறை மிதித்து, பெடலை அழுத்தியபடியே என்ஜினை இயக்குங்கள். பெடல் சற்றே இறங்காவிட்டால் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரையோ அதன் வேக்யூம் ஹோஸையோ சந்தேகிக்கலாம்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரமேறிய நிலையில் அதற்கான குறைந்தபட்ச வரம்பு 140 டிகிரிதான். மூடி திறந்து நாள்பட்ட ஆயிலை ஊற்றாதீர்கள். வேலை முடிந்ததும் ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்து, எந்தச் சக்கரமாவது மற்றவற்றைவிட அதிகம் சூடாகிறதா என்று கையைத் தொடாமல் அருகில் காட்டிச் சரிபாருங்கள்.