2030 இலக்கை ஒரு நாடு எட்டுமா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்கு 3.2 எல்லா நாடுகளுக்கும் ஒரே கோட்டைப் போட்டிருக்கிறது. உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் 2030க்குள் 25 அல்லது அதற்கும் கீழே வர வேண்டும். பிறந்த 28 நாளுக்குள் இறப்பவர்கள் 12க்குள் வர வேண்டும். இந்தியாவை வைத்துக் கணக்குப் போடுவோம். போன் கால்குலேட்டர் போதும். போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் பல போன்களில் ‘எல்என்’ (ln, இயற்கை மடக்கை) பட்டன் தெரியும்.

படி 1: எந்த விகிதம்?

பச்சிளங்குழந்தை இறப்பு 28 நாள் வரை, சிசு இறப்பு ஒரு வயது வரை, மூன்றாவது ஐந்து வயது வரை. செய்திகளில் மூன்றும் ‘குழந்தை இறப்பு’ என்றே வரும். சிசு இறப்பு விகிதத்தை எடுத்து 25 என்ற இலக்கோடு ஒப்பிட்டு ‘எட்டிவிட்டோம்’ என்பவர்கள் நிறையப் பேர்.

படி 2: எண்ணை எங்கிருந்து எடுப்பது?

பெரும்பாலான சண்டைகள் தொடங்கும் இடம் இதுதான். தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களிடம் அவர்கள் பெற்ற ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் கேட்டு எழுதுகிறது. மாதிரிப் பதிவு முறை என்கிற எஸ்ஆர்எஸ், தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாக ஒரு கணக்கெடுப்பும் நடத்திச் சரிபார்க்கிறது. முதல் எண்ணும் கடைசி எண்ணும் ஒரே மூலத்திலிருந்து வர வேண்டும். ஐ.நா. மதிப்பீட்டை எடுத்தால் இரண்டும் ஒரே பதிப்பிலிருந்து வர வேண்டும். புதிய பதிப்பு வரும்போது பழைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படும்.

படி 3: எந்த ஆண்டு?

ஐந்து வயதுக்குள் இறப்பவர்களின் எண்ணை எடுப்போம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லும் 41.9 என்பது அந்த ஆண்டுகளின் எண் அல்ல. ஆய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் சராசரி. எனவே அதை 2018 தொடக்கத்தில் வையுங்கள். 2015-16 ஆய்வின் 49.7ஐ 2013 நடுவில் வையுங்கள். இடைவெளி சுமார் 4.5 ஆண்டு. எஸ்ஆர்எஸ் எண்ணில் இந்தத் தொல்லை இல்லை, அந்தந்த ஆண்டுக்கே உரியது: 2014இல் 45, 2020இல் 32.

படி 4: குறையும் வேகம்

பழைய எண்ணைப் புதிய எண்ணால் வகுத்து, எல்என் அழுத்தி, இடைவெளி ஆண்டுகளால் வகுக்கவும்.

எஸ்ஆர்எஸ்: 45 ÷ 32 = 1.406, எல்என் 0.341, 6ஆல் வகுத்தால் 0.057. ஆண்டுக்கு 5.7%.
குடும்ப நல ஆய்வு: 49.7 ÷ 41.9 = 1.186; எல்என் 0.171, 4.5ஆல் வகுத்தால் 0.038. ஆண்டுக்கு 3.8%.

45இலிருந்து 32 என்றால் மொத்தம் 29% குறைவு, ஆறால் வகுத்து 4.8% என்று போடுவது தவறு. ஒவ்வோர் ஆண்டும் குறைவது முந்தைய ஆண்டின் எண்ணிலிருந்து, 45இலிருந்து அல்ல.

படி 5: தேவையான வேகம்

கடைசி எண்ணை இலக்கான 25ஆல் வகுத்து, எல்என் அழுத்தி, 2030 வரை உள்ள ஆண்டுகளால் வகுக்கவும். எஸ்ஆர்எஸ்படி 2020 முதல் பத்து ஆண்டுகள்: தேவை 2.5%, ஓடுவது 5.7%. தாராளமாக எட்டலாம். குடும்ப நல ஆய்வின்படி 2018 முதல் பன்னிரண்டு ஆண்டுகள்: தேவை 4.3%, ஓடுவது 3.8%. எட்டாது. ஒரே நாடு, இரண்டு தீர்ப்பு! ஆகவே முடிவை எழுதும்போது மூலத்தையும் ஆண்டையும் பக்கத்திலேயே எழுதாதவரை அந்த முடிவுக்கு மதிப்பில்லை.

படி 6: உடைத்துப் பாருங்கள்

2019-21 ஆய்வில் கேரளம் 5.2, தமிழ்நாடு 22.3, உத்தரப் பிரதேசம் 59.8. சராசரி 25ஐத் தொட்டாலும் லக்னோவில் பிறக்கும் குழந்தைக்கும் கொச்சியில் பிறக்கும் குழந்தைக்கும் உள்ள தூரம் அதில் தெரியாது.

வயதையும் உடைக்க வேண்டும். எஸ்ஆர்எஸ்படி பச்சிளங்குழந்தை இறப்பு 2014இல் 26, 2020இல் 20. ஓடும் வேகம் 4.4%. 2030இல் 12ஐத் தொட 5.1% வேண்டும். ஐந்து வயது இலக்கில் தாராளம் காட்டிய அதே மூலம், முதல் 28 நாளில் பின்தங்கல் காட்டுகிறது.