சென்னை மால்களில் நல்லதையும் மோசமானதையும் தரம் பிரிப்பது எப்படி

சென்னையில் எந்த மால் நல்ல மால் என்று கேட்டால் வேளச்சேரிக்காரர் ஒரு பெயரையும் அண்ணா நகர்க்காரர் வேறொரு பெயரையும் சொல்வார்கள். இரண்டு பேர் சொல்வதும், பெரும்பாலும், அவரவர் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடமாகவே இருக்கும். இதில் தவறில்லை; ஆனால் குடும்பத்தோடு ஒரு நாளையும் சில ஆயிரம் ரூபாயையும் செலவிடப் போகிறவர் அடுத்தவருடைய வசதியை நம்பிப் போக வேண்டியதில்லை. இரண்டு மூன்று வளாகங்களைத் தாமே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. பல வருடங்கள் சுற்றியதில் எனக்குக் கைவந்த அந்த முறையை இங்கே எழுதுகிறேன். ('மாலை' என்று எழுதினால் பூமாலையா அந்திமாலையா என்ற குழப்பம் வரும் என்பதால், உருபு சேரும் இடங்களில் பெரும்பாலும் வளாகம் என்றே எழுதிக்கொள்கிறேன்.)

முதலில், எதற்காகப் போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சினிமாவுக்கா, பிள்ளைக்குப் பள்ளி தொடங்கும் முன் காலணியும் உடுப்பும் வாங்கவா, வெயிலில் இருந்து தப்பி இரண்டு மணி நேரம் உட்காரவா, ஊரிலிருந்து வந்த உறவினருக்குச் சுற்றிக்காட்டவா என்பதைப் பொறுத்து விடை அடியோடு மாறும். கல்யாணப் பட்டு எடுப்பதாக இருந்தால் இந்த ஒப்பீடே தேவையில்லை, தி.நகர்தான். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறக்கப்பட்ட பிறகு, ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபடாமல் அங்கே போய்வர ஒரு வழியும் பிறந்திருக்கிறது.

அடுத்ததாக, ஒவ்வொரு வளாகத்துக்கும் இரண்டு முறை போக வேண்டும்: ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு. ஒரே முறை போய்விட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தரைத்தளத்து முகப்புக்கூடத்தின் அலங்காரத்துக்கு மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கூடம் எல்லா மாலிலும் பளபளப்பாகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை போகும்போது தரைத்தளத்தில் நிற்காமல் நேராக மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். நடைக்கூடங்களின் கோடிகளில் எத்தனை ஷட்டர்கள் இறங்கியிருக்கின்றன என்று எண்ணுங்கள். 'விரைவில் வருகிறது' என்று வண்ணப்பலகை வைத்து மறைத்த இடங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து வரும்போது அதே பலகை அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது காலிக் கடைதான். ஓரத்துக் கடைகள் ஒவ்வொன்றாகப் போனபின் அந்த இடங்களில் தற்காலிக மேசைகளும் தள்ளுபடி மூட்டைகளும் வந்து உட்கார்ந்தால், அந்த வளாகத்தின் ஏ.சி.யும் கழிப்பறையும் அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

இந்தச் சரிவு ஏன் நேர்கிறது என்று தெரிந்துகொண்டால் ஒப்பிடுவது சுலபமாகும். அதற்கு அண்ணா சாலையில் இருக்கும் ஸ்பென்சர் பிளாசாவைவிட நல்ல பாடம் சென்னையில் இல்லை. 1860களில் டியூரன்ட், ஸ்பென்சர் என்ற இருவர் தொடங்கிய கடை, 1890களில் இந்தோ-சாராசெனிக் என்ற இந்திய-ஐரோப்பியக் கலப்புப் பாணியில் எழுந்த கட்டடத்துக்குக் குடிபோய், நாட்டிலேயே பெயர்பெற்ற அங்காடியாக விளங்கியது. 1983இல் அந்தக் கட்டடம் தீக்கிரையானது. அதே இடத்தில் எழுப்பப்பட்ட இன்றைய ஸ்பென்சர் பிளாசா 1990களின் தொடக்கத்தில் திறந்து, மூன்று பகுதிகளாக வளர்ந்து, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் சென்னைக்காரர்களுக்கு மால் என்றாலே அதுதான் என்ற நிலையில் இருந்தது. ஆனால் அதன் கடைகள் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்டவை. ஒரு வளாகத்தில் நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் இருந்தால், எந்தத் தளத்தில் எந்த வகைக் கடை வர வேண்டும் என்று முடிவெடுக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தலாம் என்றால் பாதிப் பேர் மறுப்பார்கள். நகரும் படிக்கட்டு நின்றுபோனால் யார் செலவில் பழுது பார்ப்பது என்பது தகராறாகும். எழும்பூர் ஆல்சா மால் போன்ற பழைய வளாகங்களும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவைதான். ஆல்சாவுக்கு இன்றும் ஆள் வருவது பெரும்பாலும் அதன் சாண்ட்விச்சுக்காக.

2010இல் ராயப்பேட்டையில் பழைய எக்ஸ்பிரஸ் எஸ்டேட் நிலத்தில் திறந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரியில் வந்த பீனிக்ஸ் மார்க்கெட் சிட்டி, அதே ஆண்டு வடபழனியில் விஜயா-வாஹினி ஸ்டுடியோ நிலத்தில் ஃபோரம் என்ற பெயரில் தொடங்கி இப்போது நெக்சஸ் விஜயா என்று அழைக்கப்படும் வளாகம், 2018இல் திருமங்கலத்தில் திறந்த வி.ஆர். சென்னை ஆகியவை வேறு வகை. இவற்றில் கடைகளை வாடகைக்கு விட்டு, முழுக் கட்டடத்தையும் ஒரே நிர்வாகம் நடத்துகிறது. வியாபாரம் குறைந்தால் வாடகை குறையும் என்பதால், இருட்டிக் கிடக்கும் ஒரு மூலை அந்த நிர்வாகத்துக்கே நஷ்டம். ஆகவே புதிதாக ஒரு மால் உங்கள் பகுதியில் திறந்தால், அங்கே கடை வைத்திருப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் கடை வாடகையா, சொந்தமா? பலரும் சொந்தம் என்று சொன்னால், முதல் இரண்டு வருடப் பளபளப்பை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஞாயிறு மாலைச் சோதனைக்குக் கூடவே வயதானவர் ஒருவரையோ, கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாய் ஒருவரையோ அழைத்துச் செல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான், ஏனென்றால் தனியாக நடக்கும் முப்பது வயதுக்காரருக்கு எல்லா மாலும் ஏறக்குறைய ஒன்றுதான். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. நகரும் படிக்கட்டின் முன்னால் வந்ததும் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுப்பதும் பின்வாங்குவதுமாக நாலைந்து படிகளைப் போகவிடுவார். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டத் தொடங்கியதும் விலகிவிடுவார். அப்புறம் லிஃப்டைத் தேட வேண்டும். லிஃப்ட் எங்கே என்று யாரையும் கேட்காமல் அறிவிப்புப் பலகைகளைப் பார்த்தே கண்டுபிடிக்க முடிகிறதா என்பது முதல் மதிப்பெண். பொத்தானை அழுத்தியதிலிருந்து உள்ளே கால்வைக்கும் வரை எத்தனை நிமிடம் என்பது இரண்டாவது. பார்க்கிங் தளத்திலேயே நிறைந்துவிட்ட லிஃப்ட், நாம் நிற்கும் தளத்தில் கதவைத் திறந்து, உள்ளே இருப்பவர்களின் சங்கடமான முகங்களைக் காட்டி மூடிக்கொள்வதை மூன்று முறைக்கு மேல் பார்த்தால் அந்த வளாகத்தைப் பட்டியலின் கீழ்ப்பகுதிக்குத் தள்ளிவிடலாம்.

சாய்தளத்தையும் பாருங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது சக்கர நாற்காலிக்கான பொதுவான அளவு. பாதத்தை வைத்து வைத்து அளந்தாலே தெரிந்துவிடும். எட்டடியில் ஓரடி ஏறும் சாய்தளம் கண்துடைப்புக்குப் போட்டது. பிறகு, காசு கொடுக்காமல் உட்கார எத்தனை இருக்கைகள் உள்ளன என்று எண்ணுங்கள். சில இடங்களில் உட்கார வேண்டுமென்றால் காபி வாங்கியே ஆக வேண்டும் என்பது போல வைத்திருக்கிறார்கள்.

உட்காருவது பற்றிப் பேசும்போது கடைப் பணியாளர்களையும் கவனிக்க வேண்டும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. துணிக்கடைக்குள் நுழைந்ததும் விற்பனைப் பெண்களுக்கு ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா, இருந்தால் அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, அல்லது அதன்மேல் மடித்த சட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இது உங்கள் ஒப்பீட்டில் எதற்கு என்று தோன்றலாம். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கும் பெண்ணிடம் இரவு எட்டு மணிக்கு நாலாவது அளவுச் சட்டையை எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்தால் புரியும்.

கழிப்பறையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல்தளத்துக் கழிப்பறையில் தரை ஈரமில்லாமலும் கை கழுவ சோப்பும் இருந்தால் போதும்.

பார்க்கிங்கில் பலரும் உள்ளே நுழைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறார்கள். வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். நகரின் ஒரு மாலில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு இரவு நான் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. இரண்டாம் பேஸ்மென்டில் தூண் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனது என் பிழை. வண்டியைக் கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிடம். அதன்பின் மேலே ஏறும் வளைவில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. பணம் வாங்கும் சாவடி ஒன்றே ஒன்று. கீழே செல்போன் சிக்னல் இல்லாததால் யு.பி.ஐ. வேலை செய்யவில்லை, சில்லறை இல்லை என்று சாவடிக்காரர் கைவிரித்தார். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தபோது, அந்தக் காத்திருப்பும் சேர்ந்ததால் அடுத்த மணிக்கான கட்டணத்தையும் கட்ட நேர்ந்தது. அன்றிலிருந்து ஒப்பீட்டுத் தாளில் நான்கு குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டேன்: வெளியேறும் சாவடிகள் எத்தனை, லிஃப்ட் வாசலிலேயே பணம் கட்ட வசதி உண்டா, பேஸ்மென்டில் சிக்னல் கிடைக்கிறதா, வார இறுதிக் கட்டணம் நுழையும் இடத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா. டிக்கெட்டையும் தூண் எண்ணையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது.

வண்டியே இல்லாமல் போகிறவர்களுக்குத் திருமங்கலமும் வடபழனியும் சாதகம். இரண்டு இடங்களிலும் மெட்ரோ நிலையம் உண்டு. வடபழனியில் மட்டும் ஆற்காடு சாலையைச் சமாளிக்க வேண்டும். அண்ணா சாலையில் எல்.ஐ.சி., அரசினர் தோட்டம் நிலையங்கள் 2019இல் திறந்த பிறகு ஸ்பென்சருக்கும் எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்கும் ரயிலில் போய் மிச்சத்தை ஆட்டோவிலோ நடந்தோ கடக்க முடிகிறது. வேளச்சேரிக்கு இது பொருந்தாது. அங்கே பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினாலும் பீனிக்ஸ் வரை வண்டி வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் போவதானால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் அந்தப் பகுதிக்காரர்கள் தங்கள் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவைத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஊர்க்காரர்களே நிலத்தில் நிறுத்த அஞ்சும் நாளில் நாம் பேஸ்மென்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

விலையை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒப்பிட முயன்று களைத்துப்போகாமல், மூன்று பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஃபுட் கோர்ட்டில் ஒரு சாதா தோசை, நீங்கள் வழக்கமாக வாங்கும் நிறுவனத்தின் ஒரு சட்டை. சட்டை எங்கும் ஒரே விலைதான் இருக்கும். தள்ளுபடி மட்டும் மாறும். தோசையில்தான் வளாகத்தின் வாடகை தெரியும். தண்ணீருக்கோ சட்டமே துணை நிற்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு விதமான அதிகபட்ச விலை அச்சிடக் கூடாது என்ற விதி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு கடை கேட்டால் பில்லை வாங்கிக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். உணவகத்தில் சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. எந்த வளாகத்தில் இவற்றையெல்லாம் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது, எங்கே கேட்காமலே சரியாக இருக்கிறது என்பதும் மதிப்பெண்ணுக்குரியது.

மதிப்பெண்களைக் கூட்டும் போது எல்லாத் தலைப்புக்கும் சமமாகப் போடாதீர்கள். தாளின் மேலே எழுதிய நோக்கத்துக்கு எது முக்கியமோ அதற்குப் பாதி மதிப்பெண்ணைத் தந்துவிட்டு, மிச்சத்தை மற்றவற்றுக்குப் பங்கிடுங்கள். என் தாளில் வந்த முடிவுகள் இவை. ஒரே நாளில் பல நிறுவனங்களின் துணிகளைப் பார்த்து வாங்க வேளச்சேரி பீனிக்ஸ்தான். ஆனால் அங்கே நடக்க வேண்டிய தூரம் அதிகம் என்பதால் அம்மாவை அழைத்துப் போவதில்லை. நகரின் நான்கு மூலைகளிலிருந்தும் நண்பர்கள் கூடுவதற்கு எக்ஸ்பிரஸ் அவென்யூ. மெட்ரோவில் போய்ப் படம் பார்த்துவிட்டு மெட்ரோவிலேயே திரும்ப வி.ஆர். சென்னை. மயிலாப்பூர்ப் பக்கம் ராதாகிருஷ்ணன் சாலையில் 2006இல் வந்த சிட்டி சென்டர் இவற்றின் முன் சிறியதுதான். ஆனால் சிறியதாக இருப்பதே முழங்கால் வலிக்கு அனுகூலம் என்பதால், அம்மாவுடன் போகும் தாளில் அதற்கு நல்ல மதிப்பெண் விழுந்தது. ஸ்பென்சரை வாடகை, பராமரிப்பு, காலிக் கடைகள் என்று எந்தக் கணக்கில் பார்த்தாலும் கடைசியில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் காஷ்மீர்ச் சால்வையோ கைவினைப் பொருளோ பேரம் பேசி வாங்க வேண்டுமென்றால் நான் இன்னும் அங்கேதான் போகிறேன்.

தாளை எறிந்துவிட வேண்டாம். தேதியிட்டு வைத்து, அடுத்த ஆடித் தள்ளுபடி முடிந்த பின் ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடியும் மேல்தளத்துக்குப் போய் ஷட்டர்களை எண்ணிப் பாருங்கள்.