மைக்ரோ ஆர்என்ஏ ஒன்று கட்டியடக்கி மரபணுவை நேரடியாக அடக்குகிறதா எனச் சோதிக்கும் முறை

நுரையீரல் புற்றுத் திசுவில் ஒரு மைக்ரோ ஆர்என்ஏ (மரபணுக்களின் செயலைக் குறைக்கும் சிறு ஆர்என்ஏ) மிகுந்தும், ஒரு கட்டியடக்கிப் புரதம் (கட்டி வளராமல் தடுக்கும் புரதம்) குறைந்தும் இருப்பதைக் கண்டவுடன், முன்னதே பின்னதை அடக்குகிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டும் ஒருசேர நிகழ்கின்றன என்பதற்கு மட்டுமே அது சான்று.

முதலில் செல் வரிசையை, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் புற்றுச் செல்களை, சரிபாருங்கள். பரவலாகப் பயன்படும் ஏ549 நுரையீரல் புற்றுச் செல்களில், கட்டியடக்கி மரபணுக்களான பி16 நீங்கியுள்ளது, எல்கேபி1 செயலிழந்துள்ளது. ஹெச்1299 செல்களில் பி53 என்ற கட்டியடக்கி இல்லை. இல்லாத மரபணுவை எது அடக்குகிறது என்று தேடுவதில் பயனில்லை. மரபணுவை இயக்கத் தொடங்கும் ஊக்கிப் பகுதி மெத்திலேற்றத்தால் (டிஎன்ஏவில் மெத்தில் குழுக்கள் சேர்வதால்) மூடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூடப்பட்டிருந்தால், புரதம் உருவாக்கும் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவே உருவாகாது. (அங்கும் மைக்ரோ ஆர்என்ஏவுக்குப் பங்கு இருக்கலாம்: மிர்-29 என்ற மைக்ரோ ஆர்என்ஏ மெத்திலேற்றும் நொதிகளைக் குறைத்து, நுரையீரல் புற்றுச் செல்களில் எஃப்ஹிட் என்ற கட்டியடக்கி மரபணுவை மீண்டும் இயங்கச் செய்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.)

அடுத்தது, மைக்ரோ ஆர்என்ஏ தூது ஆர்என்ஏவில் ஒட்டும் பிணைப்பிடம். மைக்ரோ ஆர்என்ஏவின் ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகளில் (ஆர்என்ஏவின் எழுத்துகளில்) 2 முதல் 8 வரையிலானவையே இலக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. எடுத்துக்காட்டாக, மிர்-21 என்ற மைக்ரோ ஆர்என்ஏவில் அவை ஏ-ஜி-சி-யூ-யூ-ஏ-யூ. ஆகவே தூது ஆர்என்ஏவின் 3′ முனையில் (கடைசி முனையில்) புரதமாக மொழிபெயர்க்கப்படாத பகுதியில், அவற்றோடு எதிர்த்திசையில் இணைசேரும் ஏ-யூ-ஏ-ஏ-ஜி-சி-யூ என்ற வரிசையைத் தேடுங்கள். கட்டியடக்கியான பிடிசிடி4இல் அது உண்டு.

என் கணிப்பில், முழு ஆய்வின் நம்பகத்தன்மையும் அடுத்த படியில்தான் தங்கியுள்ளது. அந்த 3′ பகுதியை, ஒளி உண்டாக்கும் நொதியான லூசிபெரேஸின் மரபணுவின் பின்னால் இணைத்து, மிர்-21உடன் செல்லுக்குள் செலுத்தி, ஒளி குறைகிறதா என்று அளவிடுங்கள். செலுத்திய அளவில் ஏற்படும் வேறுபாட்டைச் சரிசெய்ய இரண்டாவது லூசிபெரேஸ் ஒன்றும் உடன் இருக்க வேண்டும். பிறகு பிணைப்பிடத்தில் இரண்டு மூன்று எழுத்துகளை மாற்றி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மாற்றிய வடிவில் ஒளி குறையாமல் நின்றால்தான் அடக்கம் நேரடியானது; அப்போதும் குறைந்தால், காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

செயற்கையாக அளவுக்கு மீறிச் செலுத்திய ஆர்என்ஏ, இயல்பில் தொடாத மரபணுக்களையும் அடக்கக்கூடும். ஆகவே செல்லில் இயல்பாக உள்ள மிர்-21ஐ, அதனோடு இணைசேர்ந்து அதை முடக்கும் எதிர்வரிசை கொண்டு தடுத்து, பிடிசிடி4 புரதம் உயர்கிறதா எனப் புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பாருங்கள். தூது ஆர்என்ஏவை மட்டும் அளந்தால் போதாது, மொழிபெயர்ப்பு மட்டுமே தடைபட்டிருக்கவும் கூடும்.

இறுதியாக, மிர்-21 மிகுந்த செல்களில், அதனால் அடக்க முடியாதபடி 3′ பகுதியற்ற பிடிசிடி4ஐ மீண்டும் கொடுங்கள். செல்களின் பெருக்கம் அப்படியும் குறையவில்லை என்றால், மிர்-21 அந்தச் செல்களில் பிடென் என்ற கட்டியடக்கி போன்ற வேறு இலக்குகளின் வழியாக இயங்குகிறதா என்று ஆராய வேண்டும்.