முதல் லேபுக்கு ஒரு மீட்டர் கம்பி

முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணினியில் கணக்குத் தீர்க்கச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? முதல் நாள் ஒரு மீட்டருக்கு வெட்டிய, கட்டடத்துக்குப் போடும் 12 எம்எம் டிஎம்டி கம்பியும் ஒரு சமையலறைத் தராசும் கொண்டுபோங்கள். நான் சிவில்காரன். ஆள் இல்லை என்று பைதான் என்ற நிரல்மொழிப் பேப்பரை என்னிடம் தள்ளினார்கள். அண்ணா பல்கலைக்கழக 2021 பாடத்திட்டத்தில், லேபின் முதல் பயிற்சியிலேயே இரும்புக் கம்பியின் எடைக் கணக்கைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது.

சிஸ்டத்தை ஆன் பண்ண விடாதீர்கள். கம்பியைக் கைமாற்றி, எடை எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். கால் கிலோ என்பான் ஒருவன், மூன்று கிலோ என்பாள் ஒருத்தி. எல்லாவற்றையும் போர்டில் எழுதுங்கள்.

அப்புறம் கட்டட சைட்டில் புழங்கும் சூத்திரம்: எம்எம்மில் விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். சரி, அந்த 162 எங்கிருந்து வந்தது? இதற்கு நான் அரை மணி நேரம் கொடுப்பேன். கம்பி செய்யும் எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. வட்டப் பரப்பு, பை டி ஸ்கொயர் பை ஃபோர் (πd²/4, d என்பது விட்டம்). சதுர மில்லிமீட்டரைச் சதுர மீட்டராக்கப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். சுருக்கிக்கொண்டே வந்தால் அடியில் 162 நிற்கும். நம் கம்பிக்கு 144-ஐ அதால் வகுக்க, 0.889 கிலோ. கணக்கின் படிகளைக் கட்டம் போட்டுக் காட்டும் ஃப்ளோசார்ட்டுக்கு நாலு கட்டம் போதும்.

இனி பைதான். தப்பு செய்ய விடுங்கள். ஒரு பையன் விட்டத்தை வர்க்கப்படுத்துவதற்குப் பதில் இரண்டால் பெருக்கினான். 24 வரவில்லை, 12 இருமுறை ஒட்டி 1212 வந்தது. இன்புட்டில் வாங்குவது எண் அல்ல, எழுத்து என்று அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு பெண்ணுக்கு முழுக் கம்பி 35.56 கிலோ வந்தது. நிரலில் ஒரு பிழையும் இல்லை. கடையில் ‘நாற்பது அடிக் கம்பி’ என்பார்களே, அதை நம்பி, நீளத்தை மீட்டரில் கேட்ட இடத்தில் 40 கொடுத்திருக்கிறாள். “கையில இருக்கிற மாதிரி பன்னிரண்டு துண்டு சேர்ந்தா இவ்வளவு கனக்குமாம்மா?” என்றேன். கம்பியை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, தானே 12 மீட்டர் என்று மாற்றினாள். 10.67.

தராசைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். எங்கள் துண்டு 861 கிராம் காட்டியது. “சார், அப்ப புரோகிராம் தப்பா?” இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன். கம்பிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1786-ன்படி, 10-க்கு மேல் 16 எம்எம் வரையான தனிக் கம்பியின் எடை 6 சதவீதம் வரை குறையலாம். 836 கிராமுக்குக் கீழே போனால்தான் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் துண்டு தேறிவிட்டது. அந்த வரம்பை நிரலில் எழுதச் சொன்னேன். ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்று நிரலில் நிபந்தனை போடும் ‘இஃப்’, அவர்கள் வாழ்க்கையில் முதல் முறை அதுதான்.