நாயின் பல்லை உடைக்காத கடிபொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பல்லைச் சுத்தம் செய்யும் என்று உறையில் அச்சிட்டு விற்கப்படும் கடிபொருள்களில் சில, பல்லையே உடைக்கும் அளவுக்குக் கடினமானவை. எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை எங்களிடம் வந்து சேர்ந்தபோதே அதன் மேல்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்திருந்தது; கண்ணுக்குக் கீழே வீக்கம் கண்ட பிறகுதான் அது தெரியவந்தது. மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லை அகற்றிய மருத்துவர், மிச்சமுள்ள பற்களைக் காப்பாற்ற எதைக் கொடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பொறுமையாக விளக்கினார். அன்று முதல் படித்தும், கடைகளில் எடுத்துப் பார்த்தும், கொடுத்துக் கவனித்தும் உறுதிப்படுத்திக்கொண்ட முறையை, முதன்முதலாக நாய் வளர்ப்பவர்கள் பின்பற்றும்படி இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: வாங்குவதற்கு முன் வாயைப் பாருங்கள்

நாயின் உதட்டை மெதுவாக மேலே தூக்கி, கோரைப்பல்லிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு. மேல்தாடையில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக, வெளிப்பக்கம் அகன்று தெரியும் நான்காம் முன்கடைவாய்ப் பல்லை இருபுறமும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த இரண்டு பற்களைப் பற்றியதுதான். அதில் உடைசலோ, நடுவில் சிவந்த அல்லது கறுத்த புள்ளியோ, பல் முழுவதும் சாம்பல் அல்லது ஊதா நிறமோ தெரிந்தால், கடிபொருளைத் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பல்லின் மேல் படியும் மென்மையான படலம், எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து இரண்டு மூன்று நாள்களிலேயே காரையாக இறுகத் தொடங்கிவிடுகிறது. கடிபொருளால் அந்தப் படலத்தைத் துடைக்கவும், புதிய காரை படிவதைக் குறைக்கவும் முடியும்; ஈற்றுக்கு அடியில் ஏற்கெனவே இறுகிப்போன காரையை எந்தக் கடிபொருளாலும் எடுக்க முடியாது. பழுப்பு நிறத்தில் தடித்த காரை இருந்தால், முதலில் மருத்துவரிடம் சுத்தம் செய்துவிட்டு, அதன் பிறகு கீழே சொல்வதைத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: கடினத்தைச் சோதியுங்கள்

நாய் மெல்லும் விதம் நம்முடையதைப் போன்றது அல்ல. அதன் தாடை பக்கவாட்டில் அரைப்பதில்லை. மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லும் ஒன்றையொன்று உரசிக் கடந்து இறைச்சியை வெட்டுகின்றன. இந்த இரண்டுக்கும் இடையில் வளையாத, நசுங்காத ஒரு பொருள் சிக்கும்போது, முழு விசையும் மேல்பல்லின் ஓரத்தில் இறங்கி, விறகில் அடித்த ஆப்பைப் போல அதன் வெளிப்பக்கத்தைப் பலகையாகப் பெயர்த்துவிடுகிறது. மனிதப் பல்லின் எனாமல் சில இடங்களில் 2 மில்லிமீட்டருக்கும் மேல் தடித்திருக்க, நாயின் பல்லில் அது 1 மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை. எனவே, தாடை வலிமையாக இருப்பதால் பல்லும் அதே அளவு வலிமையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

சோதனை எளிது. பொருளைக் கையில் எடுத்துக் கட்டைவிரல் நகத்தை அழுத்தமாகப் பதியுங்கள். பள்ளம் விழ வேண்டும். பிறகு இரு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். சற்றேனும் வளையவோ நசுங்கவோ வேண்டும். இவை இரண்டிலும் தேறாத பொருளால் உங்கள் முழங்கால் சிப்பியில் ஓங்கி அடித்துக்கொண்டால் வலிக்குமா என்று யோசியுங்கள். வலிக்கும் என்றால், அது பல்லுக்கும் ஆகாது.

நகச் சோதனையைப் பலரும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நடைமுறையில் என்னை நெடுநாள் தடுமாற வைத்தது இந்த ஒரு படிதான்; ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முதலாவது, கீறல் வேறு, பள்ளம் வேறு. பல கடிபொருள்களின் மேல் சுவைக்காக ஒரு பூச்சு இருக்கும். நகத்தை வைத்ததும் அந்தப் பூச்சு உரிந்து தடம் தெரியும், ஆனால் அடியில் உள்ள பொருள் அசைந்திருக்காது. பூச்சு இல்லாத வெட்டு முனையிலோ அடிப்பக்கத்திலோ நகத்தைப் பதித்துப் பாருங்கள். இரண்டாவது, எலும்பு வடிவப் பொருளின் நடுப்பகுதி மெலிந்து வளைந்தாலும், இரு முனைகளிலும் உள்ள குமிழ்கள் தடித்துக் கல்லாக இருக்கும். நாய் முதலில் கடைவாயில் வைத்துக் கடிப்பது அந்தக் குமிழைத்தான். எப்போதும் மிகத் தடித்த இடத்தைச் சோதியுங்கள். மூன்றாவது, பிரித்து வைத்த பாக்கெட்டில் இருக்கும் மென்மையான குச்சிகள் காற்றுப்பட்டுக் காய்ந்து இறுகிவிடும் என்பதால், வாங்கிய நாளில் தேறியது சில வாரங்கள் கழித்தும் தேறும் என்று சொல்ல முடியாது. மூடி இறுகும் டப்பாவில் வைத்து, கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் வளைத்துப் பாருங்கள்.

நேபாளத்திலும் சிக்கிம், டார்ஜிலிங் பகுதிகளிலும் சடை எருமை, மாட்டுப் பாலிலிருந்து செய்யப்படும் சுர்ப்பி என்னும் உலர்ந்த பாலாடைக் கட்டியை நாய்க்குக் கொடுப்பதைப் பற்றித்தான் அதிகமானவர்கள் வாதிடுகிறார்கள். எச்சிலில் ஊறினால் அதன் மேல்பரப்பு இளகும் என்பது உண்மை. ஆனால் நாயின் முதல் கடி, உலர்ந்த கட்டியின் மேல்தான் விழுகிறது. உலர்ந்த நிலையில் நகம் பதியாத எதையும் நான் கொடுப்பதில்லை. அது எவ்வளவு இயற்கையானது, எந்தக் கலப்படமும் அற்றது என்பதெல்லாம் வயிற்றுக்கான நற்சான்றிதழ்கள். பல்லுக்கு அவை பொருந்தா.

இதில் இன்னொரு காரணமும் அடங்கியிருக்கிறது. பல் ஒரு பொருளுக்குள் இறங்கினால்தான் அந்தப் பொருள் பல்லின் பக்கங்களில் உரசி, ஈற்று ஓரம்வரை படலத்தைத் துடைக்கும். பல் இறங்காத பொருள் நுனியை மட்டுமே தேய்க்கிறது. ஆகவே, பல்லை உடைக்கக்கூடிய கடிபொருள், சுத்தம் செய்யும் வேலையையும் சரியாகச் செய்வதில்லை.

மூன்றாம் படி: கடையிலேயே ஒதுக்கிவிட வேண்டியவை

மான் கொம்பு, எருமைக் கொம்பு, மாட்டுக் குளம்பு, கெட்டியான நைலான் எலும்பு ஆகியவை மேற்சொன்ன சோதனையில் எப்போதும் தோற்பவை. இறைச்சிக் கடையில் கேட்டு வாங்கும் நல்லி எலும்பும் அப்படியே. அது வளையமாக வெட்டப்பட்டிருந்தால், கோரைப்பற்களைத் தாண்டிக் கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டு, மருத்துவர் அறுத்து எடுக்க வேண்டிய நிலையும் வரும். ஆட்டுக்கால் சூப்புக்குப் போட்டு வேகவைத்த எலும்பும், குழம்பிலிருந்து எடுத்த கோழி எலும்பும் கூர்மையான சில்லுகளாகச் சிதறித் தொண்டையையோ குடலையோ கிழிக்கக்கூடியவை. எலும்பு கொடுப்பதன் ஆபத்து குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இலும், பதப்படுத்தி விற்கப்படும் எலும்புப் பண்டங்களைச் சுட்டி 2017இலும் எச்சரித்திருக்கிறது. ஐஸ் கட்டி, தேங்காய்ச் சிரட்டை, கூழாங்கல் ஆகியவற்றையும் நாய் வாயிலிருந்து வாங்கிவிடுங்கள்.

நரியும் ஓநாயும் எலும்பைக் கடித்துத்தானே வாழ்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. காட்டு விலங்குகளின் மண்டையோடுகளிலும் உடைந்த பற்கள் காணப்படுகின்றன; அவற்றின் வலியைப் பார்க்க அங்கே யாரும் இல்லை என்பதுதான் வேறுபாடு.

நான்காம் படி: விழுங்கும் ஆபத்தைக் கணக்கிடுங்கள்

மென்மையான பொருள் பல்லுக்கு நல்லது. ஆனால் அது பெரிய துண்டாகப் பெயர்ந்து தொண்டையில் அடைக்கக் கூடாது. முடிச்சுப் போட்ட வெள்ளை நிறத் தோல் எலும்புகளை நான் வாங்காததற்கு இதுவே காரணம். மாட்டுத் தோலின் உள்ளடுக்கைப் பதப்படுத்திச் செய்யும் அந்தப் பொருள், வாயில் ஊறியதும் வழவழப்பான பட்டையாக அவிழ்ந்து, மெல்லப்படாமலேயே உள்ளே போய்விடுகிறது. எளிதில் செரிக்காத பட்டை குடலில் தங்கினால் அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய்விடும்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது உறையில் எழுதியிருக்கும் எடைப் பிரிவைப் பாருங்கள். இரண்டு பிரிவுகளுக்கு இடைப்பட்ட நாய் என்றால் பெரியதையே எடுங்கள். எங்கள் சிப்பிப்பாறை பொறுமையாகக் கடைவாயில் வைத்து மெல்லும். பக்கத்து வீட்டு லாப்ரடார் எதைக் கொடுத்தாலும் இரண்டே கடியில் விழுங்கப் பார்க்கும். ஆகவே எடை ஒன்றாக இருந்தாலும் பழக்கத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரமாக விழுங்கும் நாய்க்கு நீளமான குச்சியின் ஒரு முனையை நீங்களே பிடித்துக்கொண்டு மெல்லக் கொடுங்கள்.

கடைசித் துண்டில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். முழுதாக வாய்க்குள் போகும் அளவுக்குத் துண்டு சிறுத்ததும் அதை வாங்கிவிட வேண்டும். வாயைப் பிளந்து பிடுங்கினால், அடுத்த முறை அது அவசரமாக விழுங்கக் கற்றுக்கொள்ளும். வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் காட்டி மாற்றிக்கொண்டால், தானே கொண்டுவந்து கொடுக்கப் பழகும்.

ஐந்தாம் படி: என்ன வாங்கலாம்

என் முதல் தேர்வு ரப்பர் பொம்மை. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ஜோ மார்க்கம், தம் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் கற்களைக் கடித்துப் பற்களைக் கெடுத்துக்கொள்வதைப் பார்த்தார். அது ஃபோக்ஸ்வாகன் வண்டியின் ரப்பர் பாகம் ஒன்றை விரும்பிக் கடித்ததைக் கண்டு கோங் பொம்மையை உருவாக்கினார். இன்று அந்தப் பொம்மை, குட்டிகளுக்கு மென்மையாகவும், வளர்ந்த நாய்களுக்குச் சிவப்பிலும், மிகுந்த வலுவுடன் கடிப்பவற்றுக்குக் கறுப்பிலும் கிடைக்கிறது. நான் சிவப்பையே விரும்புகிறேன். கறுப்பை வாங்குவதாக இருந்தால் விரலால் அழுத்தி, அது நெகிழ்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே தயிர்ச் சோற்றை அடைத்துக் கொடுத்தால் எங்கள் நாய் நெடுநேரம் அதனோடு இருக்கும். வேர்க்கடலை வெண்ணெய் அடைப்பவர்கள், அதில் சைலிட்டால் என்னும் இனிப்பு இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். சிறிதளவுகூட நாயின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும்.

தின்னக்கூடிய பல்குச்சிகளில் வி.ஓ.எச்.சி. முத்திரையைத் தேடுங்கள். கால்நடை வாய்நலக் குழுமம் என்னும் இந்த அமெரிக்க அமைப்பு 1997 முதல், படலத்தையோ காரையையோ குறைப்பதாகச் சோதனைகளில் காட்டப்பட்ட பொருள்களுக்கு இந்த முத்திரையை வழங்குகிறது. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் உறையில் முத்திரை இல்லாமலும் இருக்கலாம். அமைப்பின் இணையதளப் பட்டியலில் பொருளின் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். முத்திரை இருந்தாலும் நகச் சோதனையைக் கைவிட வேண்டாம். குச்சி உட்பட எல்லாத் தின்பண்டங்களும் சேர்ந்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது தினமும் பல் துலக்கிவிடுவது. மென்மையான குழந்தை டூத் பிரஷும் நாய்களுக்கென்று விற்கும் பற்பசையும் போதும். நாய் பற்பசையைத் துப்பாமல் விழுங்கிவிடும் என்பதால் நம் பற்பசையைத் தொட வேண்டாம். கடிபொருள் பிரஷுக்குத் துணைதான்.

ஆறாம் படி: தொடர்ந்து கவனியுங்கள்

வாரத்துக்கு ஒரு முறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பல் வலித்தாலும் நாய் பெரும்பாலும் சாப்பாட்டை நிறுத்துவதில்லை. வலிக்கும் பக்கத்தைத் தவிர்த்து மறுபக்கத்தில் மெல்லும். அதனால் ஒரு பக்கத்தில் மட்டும் காரை அதிகமாகச் சேர்வது, உடைந்த பல்லுக்கான நல்ல துப்பு. உணவை வாயிலிருந்து தவறவிடுதல், கண்ணுக்குக் கீழே வீக்கம், முகத்தைத் தொடவிடாமை ஆகியவையும் அப்படியே. பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பற்கூழ் வெளியே தெரியும் அளவுக்கு உடைந்த பல் தானாக ஆறாது. வேர் சிகிச்சை செய்வதா, அகற்றுவதா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார்; காத்திருந்து பார்ப்பது மட்டும் அதற்கு மருத்துவம் ஆகாது.

பின்சேர்க்கை: வாசகர் கேள்விகளுக்குப் பிறகு

மாங்கொட்டையையும் பொங்கல் கரும்பையும் கொடுக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் குடலை அடைத்துக்கொள்ளும் பொருள்களில் முன்னணியில் நிற்பவை; இரண்டையும் நாய்க்கு எட்டாதபடி குப்பையில் மூடிப் போடுங்கள். கரும்பின் சக்கை நார்நாராக ஈற்றில் குத்தும், சர்க்கரையும் மிகுதி, வேண்டாம். தோல் சீவிய பச்சைக் கேரட் கொடுக்கலாம், ஆனால் அதைத் தின்பண்டமாக மட்டும் எண்ணுங்கள்.

டென்னிஸ் பந்தைப் பற்றி ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. எறிந்து எடுத்துவரச் சொல்வதில் தவறில்லை. மணிக்கணக்கில் மெல்லவிட்டால், அதன் மேல்நார் மண் துகளோடு சேர்ந்து உப்புத்தாளாகப் பல்லைத் தேய்த்துவிடும்.

குட்டிகளுக்கு 28 பால்பற்கள் உண்டு. அவை சுமார் மூன்றரை மாதத்தில் விழத் தொடங்கி ஏழு மாதத்துக்குள் நிலைப்பற்களாக மாறிவிடும். அந்தக் காலத்தில் வளர்ந்த நாய்களுக்கான எந்தக் கடிபொருளையும் கொடுக்காதீர்கள். நனைத்து முறுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் குளிரவைத்த பருத்தித் துணியும், குட்டிகளுக்கான மென்மையான ரப்பரும் போதும். துணியை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், நார் பிரியத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள்.